நீலக் குமிழ் என்ன செய்கிறது?

கார் ஓட்டிப் பழகிய ஒருவர் சிறு விமானத்தின் முன்னிருக்கையில் முதல்முறை உட்கார்ந்ததும் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: “என்ஜினைக் கூட்டிக் குறைக்க ஒரு கைப்பிடி போதாதா? இங்கே ஏன் மூன்று இருக்கிறது?” நியாயமான கேள்வி. ஒரு டீக்குள் பதில் முடியாது. இரண்டாவது டீயையும் இப்போதே சொல்லிவிடுவோம்.

செஸ்னா 182 என்ற விமானத்தை எடுத்துக்கொள்வோம். நான்கு பேர் உட்காரலாம், ஒரே என்ஜின், 230 குதிரைத்திறன். உலகெங்கும் பறக்கிறது. அதன் முன்பலகையில் மூன்று குமிழ்கள் வரிசையாக இருக்கும். கறுப்பு, த்ராட்டில். நீலம், புரொப்பெல்லர். சிவப்பு, எரிபொருளும் காற்றும் கலக்கும் விகிதத்துக்கானது. நிறம் மட்டுமல்ல, வடிவமும் வேறு. கறுப்பு வழவழவென்று இருக்கும், நீலத்தின் விளிம்பில் வரிவரியாகப் பள்ளம், சிவப்பில் முனைகள் துருத்திக்கொண்டிருக்கும். கண் வெளியே பார்த்துக்கொண்டிருக்கும்போதும் கை தவறான குமிழைப் பிடித்துவிடக் கூடாது. சிவப்பை முழுக்க இழுத்தால் என்ஜினே நின்றுவிடும் என்பதால் இந்த ஏற்பாட்டை அலங்காரமாக நினைக்க வேண்டாம்.

182-இன் தம்பி 172. அதன் பெரும்பாலான மாடல்களில் நீலக் குமிழே கிடையாது. புரொப்பெல்லர் ஒரே அலுமினியத் துண்டு. பிளேடு எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பது தொழிற்சாலையிலேயே முடிவாகிவிட்டது. த்ராட்டிலைத் தள்ளினால் சுற்று கூடும், இழுத்தால் குறையும். நிமிடத்துக்கு எத்தனை சுற்று, அதாவது ஆர்பிஎம், என்று காட்டும் ஒரு மீட்டர் போதும். கற்றுக்கொள்ள இதைவிட எளிது வேறில்லை.

ஆனால் அந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. தோணியில் துடுப்புப் போட்டவர்களுக்கு இது கையிலேயே தெரியும். துடுப்பின் விளிம்பைத் தண்ணீருக்குக் காட்டினால் லேசாக அறுத்துக்கொண்டு போகும். வேகமாக வீசலாம், ஆனால் ஒவ்வொரு வீச்சிலும் தள்ளும் தண்ணீர் குறைவு. அகலப் பக்கத்தைக் காட்டினால் கை கனக்கும். மெதுவாகத்தான் வீச முடியும், ஒவ்வொரு வீச்சிலும் தள்ளுவது அதிகம். புரொப்பெல்லரும் காற்றில் இதைத்தான் செய்கிறது. ஓடுபாதையில் விமானம் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது பிளேடின் கோணம் சிறியதாக இருந்தால் நல்லது. என்ஜின் தன் உச்சச் சுற்றை எட்டி முழுத் திறனையும் கொடுக்கும். மேலே போய் வேகம் பிடித்தபின் கோணம் பெரியதாக இருந்தால் நல்லது. குறைந்த சுற்றிலேயே நிறையத் தூரம் கடக்கலாம். ஒரே கோணத்தில் இறுகிப்போன பிளேடு இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்.

சார்ல்ஸ் லிண்ட்பெர்க் 1927 மே 20 அன்று நியூயார்க்கின் ரூஸ்வெல்ட் திடலிலிருந்து பாரிஸுக்குக் கிளம்பியபோது எதிர்கொண்டது இந்தச் சிக்கலைத்தான். அவருடைய ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ் விமானத்தின் பிளேடுகளைத் தரையில் இருக்கும்போது மட்டுமே திருப்பி வைக்க முடியும். பறக்கும்போது முடியாது. அட்லாண்டிக்கைத் தாண்டுவதற்கு எரிபொருள் மிச்சமாக வேண்டும், ஆகவே நீண்ட பயணத்தை மனதில் வைத்துக் கோணம் அமைந்தது. 450 கேலன் பெட்ரோல் சுமந்து, மழையில் ஊறிய தரையில், அந்த விமானம் தவித்துத்தான் எழுந்தது. ஓடுபாதையின் முடிவிலிருந்த தொலைபேசிக் கம்பிகளை ஏறக்குறைய 20 அடி இடைவெளியில் தாண்டினார். பறந்துகொண்டே கோணத்தை மாற்றும் வசதி இருந்திருந்தால் அந்த எழும்புதல் இத்தனை ஆபத்தாக இருந்திருக்காது.

அந்த வசதி சீக்கிரமே வந்தது. அமெரிக்காவின் ஹாமில்டன் ஸ்டாண்டர்டு நிறுவனத்தில் ஃபிராங்க் கால்டுவெல் என்ற பொறியாளர், ஆயில் அழுத்தத்தால் பிளேடைத் திருப்பும் புரொப்பெல்லரை உருவாக்கினார். போயிங் 247 பயணிகள் விமானம், கடல்மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல் இருக்கும் ஷையென் போன்ற ஊர்களில் எழும்பச் சிரமப்பட்டபோது, இந்தப் புரொப்பெல்லர்தான் அதைக் காப்பாற்றியது. 1933-க்கான காலியர் விருது இதற்குக் கிடைத்தது. முதலில் இரண்டே நிலை: எழும்ப ஒன்று, பயணத்துக்கு ஒன்று. பிறகு, தானாகவே கோணத்தைச் சரிசெய்துகொள்ளும் வகை வந்தது. 1940 கோடையில், பிரிட்டன் மீது ஜெர்மானியர்கள் குண்டு வீசத் தொடங்கிய வேளையில், டி ஹாவிலண்டு நிறுவனத்தின் ஆட்கள் விமானத் தளம் தளமாகப் போய் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் போர் விமானங்களுக்கு இந்தத் தானியங்கி வகையைப் பொருத்தினார்கள். போர் வரலாறுகளில் விமானிகளுக்குக் கிடைத்த இடத்தில் பாதியாவது இந்த மெக்கானிக்குகளுக்கும் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இப்போது நீலக் குமிழுக்கு வருவோம். இந்த இடத்தை மட்டும் நிதானமாகக் கேளுங்கள். இது புரிந்தால் மீதியெல்லாம் தானாக வந்துவிடும்.

பலரும் நினைப்பதுபோல் நீலக் குமிழ் பிளேடை நேரடியாகத் திருப்புவதில்லை. “இத்தனை ஆர்பிஎம் எனக்கு வேண்டும்” என்று ஒரு கட்டளையைக் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. அந்தக் கட்டளையை நிறைவேற்றுவது கவர்னர் என்ற சிறு கருவி. அதற்குள் என்ஜினோடு சேர்ந்து சுழலும் இரண்டு எடைக்கட்டிகள், அவற்றை அமுக்கிக்கொண்டு ஒரு ஸ்பிரிங். நீலக் குமிழை முன்னே தள்ளினால் ஸ்பிரிங் இறுகும், பின்னே இழுத்தால் தளரும். என்ஜின் கேட்டதைவிட வேகமாகச் சுற்றினால் எடைக்கட்டிகள் வெளிப்பக்கம் விரிந்து ஸ்பிரிங்கை மேலே தள்ளும். அதனால் ஒரு வால்வு நகர்ந்து, பம்பு ஆயிலை அழுத்தத்தோடு புரொப்பெல்லரின் மையக் குடத்துக்குள் அனுப்பும். பிளேடின் கோணம் பெரிதாகும். சுமை கூடி என்ஜின் சுற்று இறங்கும். மெதுவாகச் சுற்றினால் எல்லாமே தலைகீழ். எடைக்கட்டிகள் உள்ளே சுருங்க, ஆயில் வடிய, கோணம் சிறிதாக, சுமை குறைந்து சுற்று ஏறும். இரண்டும் சமமான இடத்தில் வால்வு மூடிக்கொள்ளும். விமானம் மூக்கைத் தூக்கினாலும் தாழ்த்தினாலும் இந்தச் சிறு திருத்தங்கள் இடைவிடாமல் நடந்துகொண்டே இருக்கும், விமானி எதையும் தொடத் தேவையில்லை. கணிப்பொறி கிடையாது, மின்சாரமும் கிடையாது. இரண்டு எடைக்கட்டி, ஒரு ஸ்பிரிங், என்ஜினில் ஏற்கெனவே ஓடும் ஆயில், அவ்வளவுதான். இதைப் பிரித்துப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள்.

இதனால் ஒரு விநோதம் நிகழ்கிறது. 172-இல் பழகிய மாணவர் 182-க்கு மாறி, பயண உயரத்தில் த்ராட்டிலைக் கொஞ்சம் இழுக்கிறார். ஆர்பிஎம் மீட்டரைப் பார்க்கிறார். அசையவே இல்லை! சக்தி குறைந்ததும் சுற்று இறங்கப் பார்த்தது. கவர்னர் கோணத்தைச் சிறிதாக்கிப் பழைய சுற்றுக்கே கொண்டுவந்துவிட்டது. அப்படியானால் என்ஜின் எவ்வளவு உழைக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்காகத்தான் 182-இல் மேனிஃபோல்ட் அழுத்தம் என்ற இரண்டாவது மீட்டர்.

த்ராட்டில் என்பது காற்று போகும் குழாயில் ஒரு தட்டுக் கதவு. பிஸ்டன்கள் காற்றை உறிஞ்சுகின்றன, கதவு தடுக்கிறது. கதவுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் காற்றின் அழுத்தத்தை இந்த மீட்டர் பாதரச அங்குலத்தில் காட்டும். என்ஜின் ஓடாமல் நிற்கும்போது அது வெறும் வெளிக்காற்றின் அழுத்தம். கடலோர ஊரில் 30-ஐ ஒட்டி இருக்கும். என்ஜின் ஓடத் தொடங்கி, கதவு ஏறக்குறைய மூடிய நிலையில் முணுமுணுக்கும்போது 10, 12 என்று இறங்கிவிடும். கதவை முழுதாகத் திறந்தால் திரும்ப 28, 29 வரை ஏறும். மேலே போகப்போக வெளிக்காற்றே மெலிந்துவிடுவதால், ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் சுமார் ஓர் அங்குலம் குறையும். டர்போ இல்லாத என்ஜினில் 8,000 அடியில் கதவை எவ்வளவு திறந்தாலும் 22-ஐத் தாண்டுவது கடினம்.

ஆகவே இரண்டு குமிழ்களும் இரண்டு வேறு கேள்விகளுக்கான பதில். ஒவ்வொரு உறிஞ்சலிலும் சிலிண்டருக்குள் எவ்வளவு காற்று போகிறது என்பது கறுப்பு. நிமிடத்துக்கு எத்தனை முறை உறிஞ்சுகிறது என்பது நீலம். இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய என்ஜினின் சக்தி கிடைத்துவிடும்.

மேனிஃபோல்ட் மீட்டரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. என்ஜின் வானத்தில் நின்றுபோனாலும், காற்று புரொப்பெல்லரைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். கவர்னர் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். மேனிஃபோல்ட் அழுத்தமும் சாதாரணமாகத் தோன்றலாம். இரண்டு முள்ளும் ஒழுங்காக நிற்க, என்ஜினில் உயிர் இருக்காது. அதேபோல், கார்புரேட்டரில் ஐஸ் பிடிப்பது 172-இல் ஆர்பிஎம் சரிவாகத் தெரியும். நீலக் குமிழ் உள்ள விமானத்திலோ ஆர்பிஎம் அப்படியே நிற்க, மேனிஃபோல்ட் அழுத்தம் மட்டும் மெல்ல மெல்ல வழுக்கும். மாறிவரும் மாணவர்கள் ஆர்பிஎம் முள்ளையே வெறித்துக்கொண்டிருந்தால் இதைத் தவறவிடுவார்கள்.

இனி வரிசை. எல்லாப் பயிற்சிப் பள்ளியிலும் மனப்பாடமாகச் சொல்லிக்கொடுப்பது: சக்தியைக் கூட்டும்போது முதலில் நீலம், பிறகு கறுப்பு. குறைக்கும்போது முதலில் கறுப்பு, பிறகு நீலம். மனப்பாடம் தவறில்லை, அவசரத்தில் அதுதான் கைகொடுக்கும். காரணத்தையும் சேர்த்துச் சொல்லாமல் விடுவதுதான் தவறு.

காரணம் இது. இவ்வகை என்ஜின்களில் ஸ்பார்க் பிளக் பொறி விடும் நேரம் மாறாதது. பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 20, 25 டிகிரி முன்னால் என்று நிரந்தரமாக வைத்துவிடுவார்கள். கலவை எரிந்து அழுத்தம் உச்சத்தை எட்டக் கொஞ்சம் நேரம் வேண்டும். என்ஜின் வேகமாகச் சுற்றினால், அந்த நேரத்துக்குள் பிஸ்டன் உச்சியைத் தாண்டிக் கீழிறங்கத் தொடங்கியிருக்கும்; அழுத்தம் அதை இதமாகத் தள்ளும். மெதுவாகச் சுற்றினால் பிஸ்டன் இன்னும் உச்சியை விட்டு நகர்ந்திருக்காது. விரிய இடமில்லாத அழுத்தமும் சூடும் சிலிண்டரின் தலையில் இறங்கும். அதோடு காற்றும் நிறையத் திணித்திருந்தால், கலவை சீராக எரியாமல் ஒரே அடியாக வெடிக்கலாம். மெக்கானிக்குகள் நாக்கிங் என்பது இதைத்தான். அது தொடர்ந்தால் பிஸ்டனைத் தின்றுவிடும். ஆகவே குறைந்த சுற்றில் அதிகக் காற்று என்ற நிலை, கை மாறும் அந்தச் சில நொடிகளில்கூட எல்லை மீறி வந்துவிடக் கூடாது. வரிசையின் நோக்கம் அவ்வளவே.

இந்தச் சரியான எச்சரிக்கையிலிருந்து ஒரு தவறான விதி முளைத்துவிட்டது. மேனிஃபோல்ட் அழுத்தத்தின் அங்குலம், ஆர்பிஎம்மின் நூறுகளை எப்போதும் தாண்டக் கூடாதாம். 2,300 ஆர்பிஎம் என்றால் 23 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாதாம். எத்தனையோ விமானிகள் வாழ்நாள் முழுக்க இதை வேதவாக்காகப் பிடித்திருக்கிறார்கள். கொஞ்சம் யோசியுங்கள். அங்குலத்துக்குப் பதில் ஹெக்டோபாஸ்கலில் அந்த மீட்டரைச் செய்திருந்தால் 29.92 என்பது 1,013 ஆகியிருக்கும்; இந்த விதியே பிறந்திருக்காது. இரண்டு அளவுகளின் எண்கள் தற்செயலாகப் பக்கத்தில் விழுந்ததை என்ஜினின் இயற்கை என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். 182-ஐயே பாருங்கள். அதன் உச்ச ஆர்பிஎம் 2,400. கடல்மட்டத்தில் எழும்பும்போது த்ராட்டில் முழுக்கத் திறந்து 28 அங்குலத்தை ஒட்டி நிற்கும். அதாவது எழும்பும் ஒவ்வொரு முறையும், தயாரித்தவர்களே எழுதிவைத்த முறைப்படி, அந்த விமானம் இந்த விதியை மீறுகிறது.

எந்தச் சேர்க்கை பாதுகாப்பானது என்பதற்கு விமானத்தோடு வரும் கையேட்டில் அட்டவணை இருக்கிறது. அது அனுமதித்தால் நான் குறைந்த ஆர்பிஎம்மையும் திறந்த த்ராட்டிலையும்தான் தேர்ந்தெடுப்பேன். சுற்று குறைந்தால் உராய்வு குறையும், கதவு திறந்திருந்தால் காற்றை இழுக்க என்ஜின் வீணாக மல்லுக்கட்ட வேண்டாம், சத்தமும் குறையும்.

இதை உலகுக்கு அழுத்தமாகக் காட்டியவரும் அதே லிண்ட்பெர்க்தான். 1944 ஜூன் கடைசியில் அவர் நியூகினித் தீவில் இருந்தார். ராணுவப் பதவி இல்லாத குடிமகன், விமானத் தொழிற்சாலையின் தொழில்நுட்பப் பிரதிநிதி. அங்கே அமெரிக்காவின் 475-ஆவது போர் விமானக் குழுவோடு சேர்ந்து இரட்டை என்ஜின் பி-38 லைட்னிங் விமானத்தில் பறந்தார். ஒரே பயணத்துக்குப் போய்வந்த விமானங்களில், இவருடையதில் மட்டும் பெட்ரோல் கணிசமாக மிஞ்சியிருப்பதை மெக்கானிக்குகள் கவனித்தார்கள். மற்றவர்கள் 2,200 ஆர்பிஎம்மை ஒட்டிப் பறந்துகொண்டிருக்க, இவர் 1,600-க்கு இறக்கி, மேனிஃபோல்ட் அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டி, கலவையைச் சிக்கனமாக வைத்திருந்தார். 30 அங்குலத்தைத் தாண்டிய அழுத்தம், வெறும் 1,600 சுற்று. அந்த ‘விதி’யின்படி பார்த்தால் ஏறக்குறைய இரு மடங்கு மீறல். என்ஜின் கெட்டுவிடும் என்று இளம் விமானிகள் அஞ்சினார்கள். கெடவில்லை. பி-38 எட்டும் தூரம் நூற்றுக்கணக்கான மைல் கூடியது. பசிபிக் போரில் அது சிறிய விஷயமல்ல. 1927-இல் தரையில் இறுகிப்போன ஒரு கோணத்தோடு அட்லாண்டிக்கைக் கடந்தவர், 17 ஆண்டுகள் கழித்து, கோணத்தை விருப்பம்போல் மாற்றும் வசதி கையிலிருந்தும் பயன்படுத்தத் தெரியாதவர்களுக்குப் பாடம் எடுத்தார். துளித்துளியாக எரிபொருளை எண்ணிப் பறந்த மனிதருக்குத்தான் அது தோன்றியிருக்கிறது. பி-38-க்கு டர்போ உண்டு, எரிபொருளும் வேறு. ஆகவே அந்த எண்களை உங்கள் 182-இல் வைத்துப் பார்க்காதீர்கள். கையேடு சொல்வதே எல்லை.

ஒரு பயணத்தில் கை எப்படிப் போகும் என்பதை வேகமாகப் பார்த்துவிடலாம். எழும்புவதற்கு முன், என்ஜினைச் சுமார் 1,700-க்குக் கொண்டுவந்து நீலத்தை இரண்டு மூன்று முறை இழுத்துத் தள்ளுவார்கள். கவர்னர் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு நோக்கம். குளிர்ந்து கெட்டியான ஆயிலைக் குடத்திலிருந்து வெளியேற்றிச் சூடான ஆயிலை நிரப்புவது இன்னொன்று. எழும்ப, கறுப்பும் நீலமும் முழுக்க முன்னே. ஏறும்போது த்ராட்டிலை உடனே இழுத்துவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு. என்ஜினுக்கு இரக்கம் காட்டுவதாக எண்ணம். பல என்ஜின்களில் த்ராட்டில் முழுக்கத் திறந்திருக்கும்போது மட்டும் கூடுதல் பெட்ரோல் போகும்படி அமைத்திருப்பார்கள். சிலிண்டர்களைக் குளிர்விப்பது அந்தக் கூடுதல்தான். கொஞ்சம் இழுத்தால் அது நின்றுபோய், இரக்கம் காட்டியதே சூடாக முடியலாம். இறங்கும்போது வெளிக்காற்று அடர்ந்துகொண்டே வருவதால், தொடாமலே மேனிஃபோல்ட் அழுத்தம் ஏறும். அவ்வப்போது இழுத்துவிட வேண்டும்.

தரையிறங்கும் முன் நீலத்தை முழுக்க முன்னே தள்ளிவைக்க வேண்டும். ஓடுபாதையில் ஒரு நாய் குறுக்கே வந்தால் மறுபடி எழும்ப வேண்டியிருக்கும். அப்போது முழு ஆர்பிஎம் தயாராக இருக்க வேண்டும். எப்போது தள்ளுவது என்பதில் ஒரு நயம் உண்டு. வேகமும் சக்தியும் அதிகமாக இருக்கும்போதே தள்ளினால் புரொப்பெல்லர் ஊளையிடும். காரணம் எளிய கணக்கு: விட்டம் 2 மீட்டர் என்றால், 2,700 சுற்று வரை போகும் வேறோர் என்ஜினில் பிளேடின் நுனி நொடிக்கு சுமார் 283 மீட்டர் வேகத்தில் போகிறது, ஒலியின் வேகமோ 340. 2,300-க்கு இறக்கினால் நுனி 241-க்கு வந்துவிடும். கீழே வீடுகளில் தூங்குகிறவர்களுக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே கேட்கும். த்ராட்டிலை முதலில் போதுமான அளவு குறைத்து, ஆர்பிஎம் தானாகவே இறங்கத் தொடங்கியபின் நீலத்தைத் தள்ளினால் சத்தமே வராது.

ஆயில் போய்விட்டால் என்ன ஆகும்? ஒற்றை என்ஜின் விமானங்களில் பெரும்பாலும், ஆயில் அழுத்தம் கோணத்தைப் பெரிதாக்கும். அது இல்லாவிட்டால் கோணம் தானே சிறிதாகிவிடும். என்ஜின் இன்னும் ஓடுகிறதென்றால் முழுத் திறனாவது கிடைக்கட்டும் என்ற எண்ணம். இரட்டை என்ஜினில் ஏற்பாடு நேரெதிர். ஆயில் போனால் ஸ்பிரிங்கோ, அடைத்துவைத்த நைட்ரஜனோ, எடைக்கட்டிகளோ பிளேடைக் காற்றோட்டத்துக்கு விளிம்பு காட்டும் நிலைக்கு முழுக்கத் திருப்பிவிடும். செத்த என்ஜினின் புரொப்பெல்லர் காற்றைத் தடுத்தால், மிச்சமிருக்கும் ஒரே என்ஜினால் விமானத்தைத் தாங்க முடியாமல் போகலாம். ஒற்றை என்ஜினிலும் இதில் ஒரு பயன் உண்டு. என்ஜின் நின்று, ஆயில் அழுத்தம் மிச்சமிருந்தால், நீலத்தை முழுக்கப் பின்னே இழுங்கள். கோணம் பெரிதாகி, தடை குறைந்து, விமானம் சட்டென்று முன்னே நழுவுவது உடம்பிலேயே தெரியும். இறங்க வயல் தேடும் நேரத்தில் அந்தக் கூடுதல் தூரம் பெரிய உதவி.

இப்போது வரும் சில விமானங்களில் நீலக் குமிழ் இல்லை. சிரஸ் எஸ்ஆர்22-இல் ஒரே லீவர் த்ராட்டிலையும் கவர்னரையும் சேர்த்து நகர்த்துகிறது. வேலை குறைவு, தவறும் குறைவு. ஆனால் எந்த ஆர்பிஎம்மோடு எந்த அழுத்தம் என்பதைத் தயாரித்தவர் முடிவுசெய்துவிட்டார். எனக்கு மூன்று குமிழ்தான் பிடிக்கும்.

நீங்கள் பயிற்சியில் இருப்பவரென்றால், அடுத்தமுறை பயண உயரத்தில் ஆசிரியரிடம் அனுமதி கேட்டு இதைச் செய்து பாருங்கள். கையேட்டு அட்டவணைக்குள் நின்றுகொண்டு, கறுப்பைத் தொடாமல் நீலத்தை மட்டும் 200 ஆர்பிஎம் இறக்குங்கள். மேனிஃபோல்ட் அழுத்தம் கொஞ்சம் மேலே ஏறும். த்ராட்டில் அசையவில்லை, ஆனால் பிஸ்டன்கள் உறிஞ்சுவது குறைந்துவிட்டதால் குழாயில் காற்று தேங்குகிறது. குறைக்கும்போது கறுப்பு ஏன் முதலில் என்பதை அந்த முள்ளே காட்டிவிடும்.